வொஷிங்டன் முடங்கினால் கொழும்பில் அமெரிக்க விசா: எது ஓடும், எது நிற்கும்

அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளும் செலவுச் சட்டத்துக்கு மல்லுக்கட்டி, 2025 ஒக்டோபர் 1 முதல் 43 நாள் அந்நாட்டு அரசு பணமின்றி முடங்கியபோதும் விசா நேர்முகங்கள் நிற்கவில்லை. தூதரகத்தின் விசாப் பிரிவு விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுகிறது. சுற்றுலா விசாவுக்கு 185 டொலர்; மறுத்தாலும் திரும்பாது. ஆகவே செய்தி பார்த்துப் பயந்து திகதியை விட்டுவிடாதீர்கள். டிஎஸ்-160 எனும் இணைய விண்ணப்பத்தின் உறுதித்தாள், கடவுச்சீட்டுடன் கொள்ளுப்பிட்டித் தூதரகத்துக்குப் போங்கள். இந்தச் சேவைக்கு நாலு நட்சத்திரம்.

எச்-1பி எனும் வேலை விசாவின் கதை வேறு. முதலாளி மனுப்போட முன்னரே, சம்பளமும் வேலை நிபந்தனைகளும் குறித்து அவர் உறுதி தரும் எல்சிஏ படிவத்தை அமெரிக்கத் தொழில் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டும். வழக்கமாக ஏழு வேலைநாள். அந்தத் திணைக்களத்துக்குப் பணம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிலிருந்துதான் வருகிறது. முடக்கம் தொடங்கியதும் படிவம் ஏற்பதே நின்றது. முதலாளி தயார், ஆள் தயார், தாள் இல்லை. செலவுச் சட்டத்துக்குச் செனட்டில் 60 வாக்குச் சேராததற்கு வெள்ளவத்தைப் பொடியன் காத்திருந்தான்! ஒரு நட்சத்திரமே அதிகம். அமெரிக்க நிதியாண்டு ஒக்டோபரில் தொடங்குவதால், எல்சிஏயைச் செப்டெம்பருக்குள் முடிக்கச் சொல்லி நிறுவனத்தை நெருக்குங்கள்.