பொலிஸ் அனுபவத்துக்குப் பாட விலக்கு: வெள்ளவத்தை நிலையம் எப்படி?

களுத்துறைப் பொலிஸ் கல்லூரிப் பயிற்சியையும் போக்குவரத்துப் பிரிவு வேலையையும் டிப்ளோமாவுக்குக் கணக்கெடுப்பதாக வெள்ளவத்தையில் ஒரு தனியார் நிலையம் சொன்னது. மதிப்பீடு செய்த மிஸ் கெட்டிக்காரி. சான்றிதழைப் புரட்டிப் பார்த்ததோடு விடவில்லை. விபத்து நடந்த இடத்தை எப்படி அளப்பீர்கள், வரைபடத்தில் எதையெல்லாம் குறிப்பீர்கள் என்று கிண்டிக் கிண்டிக் கேட்டார். அறிக்கை எழுதும் பாடத்துக்கு விலக்குக் கிடைத்தது. முறைப்பாட்டுப் புத்தகம் எழுதிய கை சும்மாவா!

ஆனால் விலக்குத் தந்த பாடத்துக்கும் முழுக் கட்டணம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

தொழில் அனுபவத்துக்குச் சான்றிதழ் போதுமென்றால், 7 மட்டங்கள் கொண்ட என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) முறையில் முன்கற்றல் மதிப்பீடு, அதாவது வேலையில் ஏற்கெனவே கற்ற திறமையை மதிப்பிடும் வழி, இருக்கிறது. வாகனம் திருத்தும் பிரிவில் இருப்பவர்கள் முதலில் அதை விசாரியுங்கள்.