சர்வதேச உறவுகள் படிக்க கன்சல்டன்சிக்குப் போகலாமா? பேப்பர் வேலைக்குப் போங்கள், யோசனை கேட்க வேண்டாம்

தங்கை கும்பகோணத்தில் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். அடுத்து சர்வதேச உறவுகள், இல்லாவிட்டால் தெற்காசிய ஆய்வுகளில் எம்.ஏ. படித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்காகத் தஞ்சாவூரில் ஒரு வெளிநாட்டுக் கல்வி கன்சல்டன்சிக்குப் போனோம். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர், எம்.பி.ஏ. என்று போகிற பிள்ளைகள் அங்கே திருப்தியாகத்தான் இருக்கிறார்கள், நான் எழுதுவது இந்த மாதிரி படிப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு.

முதலில் நல்லது. கடன் விஷயத்தில் தெளிவாகப் பேசினார்கள். அப்பா நஞ்சைப் பட்டாவை எடுத்துக்கொண்டு வந்திருந்தார், அதைப் பார்த்த உடனே "சார், இது வேலைக்கு ஆகாது, வீடோ மனையோ இருக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். விவசாய நிலத்தை, பேங்க் வாராக்கடனை வசூலிக்கப் பயன்படுத்தும் சர்ஃபாசி சட்டத்தில் ஜப்தி செய்ய முடியாது, அதனால் கல்விக்கடனுக்கு அதை அடமானமாக எடுக்க பேங்க்காரர்கள் யோசிப்பார்கள். டெல்டாவில் நிலத்தை நம்பிப் பிள்ளையை வெளிநாடு அனுப்ப நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. விசா ஃபைல் அடுக்குவதிலும் கெட்டி.

படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும்தான் வண்டி நின்றுவிட்டது. "எந்தக் கன்ட்ரி மேம் பார்க்குறீங்க?" என்பது முதல் கேள்வி. இவளுக்கு இலங்கை, பாக் நீரிணை, மீனவர் பிரச்சினை, 1974லும் 1976லும் போட்ட கடல் எல்லை ஒப்பந்தங்கள், இதில்தான் ஆர்வம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மேஜையில் பிரிட்டன் பிரோஷர்களைப் பரப்பி, செப்டம்பர் இன்டேக்கா (அதாவது சேர்க்கையா) ஜனவரி இன்டேக்கா என்று போய்விட்டார்கள். சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் இவர்களுக்குக் கமிஷன் தருகிறது, நம்மிடம் காசு வாங்காததன் ரகசியம் அதுதான். அது தப்பில்லை, ஆனால் கமிஷன் வராத இடத்தின் பெயர் அந்த ரூமில் கடைசிவரை வரவே வராது. "இதைப் படிச்சா என்ன வேலை தம்பி?" என்று அப்பா கேட்டதற்கு "எம்பஸில போஸ்டிங் சார்" என்று கூசாமல் சொன்னார் அந்தப் பையன். தூதரக வேலைக்கான ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) ஆக யூ.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும், அதற்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், லண்டன் எம்.ஏ. தேவையே இல்லை. எஸ்.ஓ.பி.க்கு, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரைக்கு, மாதிரி என்று அவர்கள் அனுப்பியதில் பத்தியின் நடுவே "லாஜிஸ்டிக்ஸ் துறையில் எனக்குள்ள தீராத ஆர்வம்" அப்படியே கிடந்தது!

அங்கே யாரும் வாய் திறக்காத இடங்களை நாங்களே தேடி எடுத்தோம். பக்கத்திலேயே புதுச்சேரி, காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த எம்.ஏ. இருக்கிறது, தெற்காசிய ஆய்வும் இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யூ.) சர்வதேச ஆய்வுப் பள்ளி 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் ஜே.என்.யூ.வோடு சேர்ந்தது, நாட்டில் இந்தத் துறைக்கே தாய்வீடு, ஃபீஸோ நம்மூர் தனியார் கல்லூரிகளைவிடக் குறைவு. இரண்டுக்கும் சி.யூ.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வந்து போய்விடும், செப்டம்பர் இன்டேக் கணக்கில் உட்கார்ந்திருந்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள். சார்க் நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகமும் டெல்லியில்தான், இலங்கை, நேபாள, வங்கதேசப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரலாம் என்பதே இவளுக்குப் பாதிப் படிப்பு.

வெளிநாடுதான் என்றால் இரண்டு வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளியான சாய்ஸ் மாதிரி இடங்கள் பொருளாதாரம், கொள்கை எல்லாம் சேர்த்து வேலைக்குத் தயார் செய்பவை, செலவு தலைசுற்றும். இன்னொன்று ஒரு பிரதேசத்தையும் அதன் மொழியையும் ஆழமாகப் பிடிக்கிற படிப்பு. ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான லண்டன் சோவாஸ், ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கின் தெற்காசிய நிறுவனம் எல்லாம் இந்த வரிசை. ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோதான் ஃபீஸ், ஜீவனச் செலவு தனி. சிங்கப்பூரில் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம், அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர், அவர் பெயரிலேயே ஒரு உயர்கல்விப் பள்ளி நடக்கிறது. ஒரே வருஷத்தில் ஆசிய ஆய்வுகளோ சர்வதேச உறவுகளோ முடிக்கலாம். ராஜேந்திர சோழன் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்ததைப் பேசிப் பேசி வளர்ந்த ஊர் நம்முடையது, தென்கிழக்காசியாவைப் படிக்க இங்கிருந்து ஏன் அதிகம் பேர் போகவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிரிட்டன் அரசு தரும் செவனிங் ஸ்காலர்ஷிப் பற்றி அந்தக் கன்சல்டன்சியில் ஆசை காட்டினார்கள். அதற்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள், டிகிரி முடித்த கையோடு போட முடியாது. படித்து முடித்ததும் இரண்டு வருஷம் நாடு திரும்பி இருக்கவும் வேண்டும், இதை அவர்கள் சொல்லவே இல்லை.

இப்போதைக்குத் தங்கை சி.யூ.இ.டி.க்குப் படிக்கிறாள், கூடவே சிங்கப்பூருக்கு அவளே நேரடியாக விண்ணப்பம் போடுகிறாள். அங்கே கிடைத்தால் பேப்பர் வேலைக்கு இதே கன்சல்டன்சிக்குத்தான் போவோம். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், சனிக்கிழமை நாற்காலிகூட கிடைக்காது.