வீட்டுச் சேர்வரா, வாடகைச் சேர்வரா? திருகோணமலை உப்புவெளியிலிருந்து மூன்று வருடக் கணக்கு

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். 2022 வரைக்கும், முடித்துக் கொடுத்த படங்களையெல்லாம் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் வாடகைச் சேர்வரில், அதாவது இணையத்தில் எந்நேரமும் ஓடுகிற அவர்களுடைய கொம்பியூட்டரில், வைத்திருந்தேன். அந்த வருடம் மார்ச் மாசம் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாசத்தில் 360 ரூபா வரை போனது. என் கார்டில் டொலர் கட்ட முடியாமல் போனது. கம்பனி மூன்று தடவை மின்னஞ்சல் அனுப்பியது, பிறகு கணக்கை முடக்கியது, கடைசியில் அழித்தது. அதிலிருந்த நான்கு கல்யாணங்களுக்கு வேறு பிரதி இல்லை. அந்த நான்கு வீட்டுக்கும் நேரே போய் விசயத்தைச் சொன்னேன்.

அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். அந்த வருடக் கடைசியில், அலுவலகங்கள் கழித்துவிடுகிற சின்ன மேசைக் கொம்பியூட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, டெபியன் என்கிற இயங்குதளத்தைப் போட்டு, இரண்டு 4 டிபி (4,000 ஜிபி) டிஸ்கை ஒன்றின் பிரதியாக மற்றது இருக்கும்படி மாட்டினேன். படங்களைப் பார்க்க இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட். இரண்டுமே இலவசம். போடுகிற முறை எல்லா இடத்திலும் எழுதிக் கிடக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் ஓசன் என்கிற வாடகைக் கம்பனியில் 1 ஜிபி நினைவகமும் 25 ஜிபி இடமும் உள்ள சின்னச் சேர்வர் மாசம் 6 டொலர். அது மலிவுதான். விலை ஏறுவது இடத்துக்கு. அங்கேயே 100 ஜிபி கூடுதலாகக் கேட்டால் 10 டொலர். என்னுடைய 4 டிபியை அப்படி வைத்தால் மாசம் 400 டொலர், அது யோசிக்கவே முடியாத காசு. பேக்பிளேஸ் போன்ற, கோப்பு வைக்க மட்டுமான வெறும் களஞ்சியத்தில் நான் கணக்குப் பார்த்தபோது ஒரு டிபி 6 டொலர், அதாவது எனக்கு 24 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 7,200 ரூபா, ஒவ்வொரு மாசமும். வீட்டில் டிஸ்க் காசு ஒரு தடவைதான்.

ஏற்றுகிற நேரம் இன்னொன்று. பைபர் லைனில் மேலே போகிற வேகம் 10 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 10 மெகாபிட்) என்றால், 2 டிபி ஏற 18 நாள் ஓடும். வீட்டுக்குள் கேபிளால் ஒரு இரவில் முடிந்துவிடும்.

இவ்வளவும் எல்லாருக்கும் பொதுவான கணக்கு. திருகோணமலையில் வீட்டுச் சேர்வர் நிற்குமா விழுமா என்பதை முடிவு செய்வது கறண்டும் உப்புக்காற்றும்தான். வாடகைச் சேர்வரில் அந்த வேலையைக் கம்பனி பார்க்கும். வீட்டில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கறண்ட். என் கொம்பியூட்டர், டிஸ்க் இரண்டு, ரவுட்டர், பைபர் பெட்டி எல்லாம் சேர்த்து 40 வாட் அளவில் இழுக்கிறது. மாசத்துக்கு 29 யூனிட். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் நம்முடைய பில் படிப்படியாக ஏறுகிற பில். 60க்குள் அல்லது 90க்குள் நிற்கிற வீடு இந்த 29ஆல் அடுத்த படிக்குப் போனால், யூனிட் விலையோடு நிலையான கட்டணமும் மாறும். சேர்வர் வைக்க முன்னம் கடைசி ஆறு மாச பில்லை எடுத்துப் பாருங்கள்.

பிறகு பற்றரி. கடையில் விற்கிற சின்ன யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி, 84 வாட் மணி. 40 வாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் வரும் என்று கணக்குச் சொல்லும். எனக்குப் புதிதில் ஒரு மணித்தியாலம் வந்தது, ஒன்றரை வருடத்தில் பன்னிரண்டு நிமிசம். ஈயப் பற்றரி 25 பாகை வெப்பத்துக்குச் செய்யப்பட்டது. அதற்கு மேல் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும். கச்சான் வீசுகிற ஜூன், ஜூலையில் எங்கள் வீட்டு அறை 33க்குக் கீழே இறங்காது. பெட்டியில் மூன்று வருடம் என்று எழுதியிருந்தாலும் இங்கே அதில் பாதியைத்தான் நம்பலாம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு நாளைத் தாங்க வேண்டுமென்றால் 40 வாட்டை 13ஆல் பெருக்குங்கள்: 520 வாட் மணி. 100 ஆம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்காமல் எடுக்கக்கூடியது 600. அதனால் இன்வேட்டரோடு அந்த அளவுப் பற்றரியை வைத்தேன். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்க கறண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, சேர்வர் ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. லிதியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி வெப்பத்தை இதைவிட நன்றாகத் தாங்கும், அடுத்தது அதுதான் வாங்குவேன். சூரிய ஒளியில் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதைப்பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆனால் என்னைக் கவிழ்த்தது பற்றரி இல்லை, எர்த். 2023 ஒக்டோபரில் கொழும்பில் ஒரு கல்யாண வேலை. இங்கே பின்னேரம் இடி மின்னல். ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது, வீட்டில் ஆளில்லை. பற்றரி வற்றும்வரை ஓடிவிட்டுச் சேர்வர் நின்றது. வந்து பார்த்தால் ரவுட்டரும் கருகி இருந்தது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் அண்ணன் பின்பக்கம் போய் எர்த் கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது காஞ்ச மணலுக்குள்ள சும்மா நிக்குது. இதுக்கு மேல என்ன பாதுகாப்புப் பெட்டி போட்டாலும் வேலை செய்யாது.”

“அப்ப என்னண்ணே செய்யிறது?”

“ஈரம் வாற ஆழத்துக்கு இறக்குவம். பிறகு அளந்து பார்ப்பம்.”

கடற்கரை மணல் காய்ந்தால் மின்சாரத்தை மண்ணுக்குள் விடாது. மின்னல் தடுப்புப் பிளக் கூடுதல் மின்னழுத்தத்தைத் தள்ளிவிடுவது எர்த் வழியாகத்தான், அந்த வழி இல்லையென்றால் அது வெறும் பிளக். இரண்டாவது கம்பி ஆழமாக இறக்கினோம், அதற்குப் பிறகு எதுவும் கருகவில்லை. அன்றே கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயோசுக்குள் போய், கறண்ட் வந்தவுடன் கொம்பியூட்டர் தானாக எழும்பும்படி மாற்றிவைத்தேன். வீட்டில் சேர்வர் வைக்கிற எல்லாரும் முதல் நாளே செய்ய வேண்டிய மாற்றம் இது.

உப்பு மெதுவாக வேலை செய்யும். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்துபோகிற தூரம். வாடைக்காலம் ஒன்று முடிந்தபோது நெட்வேர்க் கேபிளைக் கழற்றினேன். தலைக்குள் எட்டு ஊசியில் மூன்றில் பச்சைக் களிம்பு. விசிறிக்குக் கீழேயிருந்த அலுமினியத் தகட்டில் விரலை வைத்தால் வெள்ளைத் தூள் ஒட்டியது. டிஸ்க் அடிக்கடி கழன்று கழன்று வந்ததற்கு மென்பொருளில் இரண்டு வாரம் காரணம் தேடினேன், காரணம் யூஎஸ்பி முனையில் இருந்தது. இப்போது எல்லாம் உள்ளறைச் சீமெந்துத் தட்டில், கடல் பக்கத்து யன்னலுக்கு எதிர்ப்புறம். மூன்று மாசத்துக்கு ஒருதடவை கழற்றி, மின்முனை துடைக்கிற ஸ்பிரே அடித்து, உலரவிட்டு மாட்டுகிறேன். ஒரு மணித்தியால வேலை. கச்சான் காலத்தில் உப்புக்குப் பதிலாகத் தூசு, அதற்குத் தூரிகை. இந்த ஒரு மணித்தியாலத்தை வருடத்துக்கு நாலு தடவை ஒதுக்க மாட்டீர்கள் என்றால் வாடகைக்கே போங்கள், மனதாரச் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவது இன்னொரு சிக்கல். பல வீட்டு இணைப்புகளுக்குத் தனி இணைய முகவரி (ஐபி) கிடைப்பதில்லை. ரவுட்டரில் தெரிகிற முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன, வெளியிலிருந்து கதவு தட்ட முடியாது. வெளியிலிருந்து வீட்டுக்குப் பாதை போட்டுத் தருகிற கிளவுட்ஃபிளேர் டனல் இலவசம், ஆனால் இலவசக் கணக்கில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் ஏற்ற விடாது. அதனால் சிங்கப்பூரில் அந்த 6 டொலர் சேர்வர் ஒன்றை வாசலாக வைத்து, வயர்கார்ட் என்கிற பாதுகாப்பான இணைப்பு மென்பொருளால் வீட்டோடு இணைத்திருக்கிறேன். அதற்குள் ஒரு படமும் இல்லை. நாளைக்கு அந்தக் கணக்கை அழித்தாலும் இன்னொரு வாசல் திறக்க அரை நாள் போதும். என் தொழிலின் இணையப்பக்கமும் வாடகையில்தான் இருக்கிறது, புது ஆள் பார்க்க வருகிற நேரம் என் வீட்டு லைன் நின்றிருக்கக் கூடாது. மின்னஞ்சலை வீட்டில் வைக்க நான் முயலவில்லை. வீட்டு முகவரியிலிருந்து போகிற கடிதங்களைப் பெரிய கம்பனிகள் குப்பைக்குள் தள்ளுவது வழக்கம், அதனால் அதற்குக் காசு கட்டுகிறேன்.

வீட்டுப் பக்கம் இவ்வளவு சாய்ந்த நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். அப்பாவின் ஸ்டூடியோ கடலோரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், 20 வருட நெகட்டிவ் பெட்டிகள் எல்லாம் தண்ணீரோடு போயின. ஒரே இடத்தில் இருக்கிற இரண்டு டிஸ்க் ஒரு பிரதிதான். பெரிய கம்பனிக்கும் இதே நிலை: 2021 மார்ச் 10 பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில், சேர்வர் வாடகைக்கு விடுகிற ஓவிஎச் கம்பனியின் கட்டிடம் எரிந்தபோது, வேறு இடத்தில் பிரதி வைக்காதவர்களின் கோப்புகள் திரும்பி வரவில்லை.

அதனால் மூன்றாவது டிஸ்க் ஒன்று வவுனியாவில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது, கடலிலிருந்து தூரம். பூட்டுப் போட்டுக் குறியாக்கம் செய்தது. இரண்டு மாசத்துக்கு ஒருதடவை புதுப் படங்கள் ஏற்றிய நாலாவது டிஸ்கைத் துவாயில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய், பழையதை எடுத்து வருகிறேன். 18 நாள் ஏற வேண்டியது அரை நாளில் போய்ச் சேர்கிறது. அங்கே போனதும் அக்காவின் மடிக்கணினியில் மாட்டி, நான்கைந்து கல்யாணங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.