டைப் 99 அரிசாகாவுக்குப் பித்தளைக் கூடு: வெட்டிச் செய்வதா, வாங்குவதா?

ஜப்பானின் இரண்டாம் உலகப் போர்க் காலத் துப்பாக்கியான டைப் 99 அரிசாகாவை வைத்துக்கொண்டு, அதற்கான 7.7×58 தோட்டா தேடி அலுத்துப் போனவர்களிடம் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: '.30-06 கூட்டை வெட்டிச் செய்துகொள்.' கூடு என்பது மருந்தையும் குண்டையும் பிடித்திருக்கும் பித்தளை உறை, .30-06 என்பது ஓர் அமெரிக்க ராணுவத் தோட்டா. யோசனை தப்பில்லை, ஆனால் சொல்பவர்கள் பாதி வேலையைத்தான் சொல்கிறார்கள். வெட்டுவது சுலபம். வெட்டிய பிறகு கழுத்தில், அதாவது குண்டைப் பிடிக்கும் குறுகிய முனையில், வரும் தொல்லைதான் உண்மையான வேலை. அதைக் கணக்கில் எடுத்தால் எந்த வழி மலிவு என்ற விடையே மாறிவிடும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், 7.7 அரிசாகா, .30-06, 8×57 மவுசர் மூன்றுக்கும் அடிப்பகுதி கிட்டத்தட்ட 12 மி.மீ. அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகப்பில் மூன்றும் உட்காரும். வித்தியாசம் நீளத்திலும், தோளின் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவின்) இடத்திலும், கழுத்திலும்தான்.

கூட்டைத் தொடுவதற்கு முன்னால் துப்பாக்கியைப் பார்த்துவிடுங்கள். கொரியப் போர்க் காலத்தில் டைப் 99-களில் ஒரு பகுதியை .30-06-க்கு ஏற்றபடி, தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து மாற்றினார்கள், தனியாரும் நிறைய பேர் அதையே செய்தார்கள். அப்படி மாற்றிய துப்பாக்கியில் 7.7 அளவுக் கூடு போட்டால் தோளுக்கு முன்னால் தாங்க எதுவும் இருக்காது. உருக்கிய கலவையை அறையில் ஊற்றி வார்ப்பு எடுத்து அளப்பதுதான் ஒரே உறுதியான வழி. இன்னொன்று, பயிற்சிக்காக மட்டும் செய்த அரிசாகாக்கள் உண்டு. பார்க்க அசல் மாதிரியே இருக்கும், வெற்று வெடிக்கு மட்டும் ஆனவை. அதில் நிஜத் தோட்டா போடவே கூடாது, சுவரில் மாட்டி வைக்கலாம். அப்புறம், தோட்டா மறுநிரப்ப உரிமம் வேண்டுமா என்று உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, .30-06 வழி. கூடு 63 மி.மீ., நமக்கு வேண்டியது 58, அதனால் 5 மி.மீ. அளவுக்கு வெட்டிப் போட வேண்டும். எண்ணெய் தடவி 7.7 டையில் (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில்) அழுத்தும்போது தோள் பின்னால் தள்ளப்படும், பழைய தோள் புதுக் கழுத்தின் ஒரு பகுதியாகிவிடும். சிக்கல் இங்கேதான். அங்கே சுவர் பழைய கழுத்துச் சுவரைவிடத் தடிப்பு, அந்தத் தடிப்பு அப்படியே புதுக் கழுத்துக்கு வந்துவிடும். கழுத்து தடித்துப்போய் அறைச் சுவரை இறுக்கிப் பிடித்தால், சுடும்போது குண்டை விடுவிக்கக் கழுத்து விரிய இடமே இருக்காது, அழுத்தம் தாறுமாறாக ஏறும். அரிசாகா அறைகள் பொதுவாகத் தாராளமானவை, அதனால் பலருக்கு ஒன்றும் ஆகாமல் ஓடியிருக்கும். ஆனால் அடுத்தவர் அறையின் தாராளத்தை நம்பி நீங்கள் அளக்காமல் விட முடியாது. குண்டு வைத்த பிறகு கழுத்தின் வெளி விட்டத்தை அளந்து, வார்ப்பில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, இடைவெளி போதவில்லை என்றால் உள்ளே குடையவோ வெளியே கடையவோ வேண்டும், ஒவ்வொரு கூட்டுக்கும்.

இதோடு கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்குவதும் சேரும். அழுத்திய பித்தளை இறுகிப்போய் ஓரிரு சுடலிலேயே கழுத்தில் பிளக்கும். கூட்டைப் பாதி தண்ணீரில் நிறுத்தி மேல்பகுதியை மட்டும் சூடாக்க வேண்டும். அடிப்பகுதி மென்மையானால் அந்தக் கூடு குப்பைக்குத்தான், அழுத்தத்தைத் தாங்குவதே அதுதானே. எண்ணெயிலும் அளவு உண்டு: குறைந்தால் கூடு டைக்குள் சிக்கும், கூடினால் தோளில் குழி விழும்.

ராணுவ .30-06 கூடுகள் இலவசமாகக் கிடைத்தால் எல்லோருக்கும் கை ஊறும். பல தயாரிப்புகளில் சுவர் தடிப்பு, உள்ளே கொள்ளளவு குறைவு. அதே வெடிமருந்து அளவு அதில் அதிக அழுத்தம் தரும் என்பதால், வேறு கூட்டுக்கு எழுதிய அளவை அப்படியே போடக் கூடாது, கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும். பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கழன்று வராதபடி அதன் குழி விளிம்பை மடித்திருந்தால் அந்த மடிப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

8×57 வழி முதல் பார்வைக்கு மனதை மயக்கும். வெட்டவே வேண்டாம், 7.7 டையில் அழுத்தினால் கழுத்து சிறுத்துவிடும். தடித்த கழுத்துத் தொல்லையும் பெரிதாக இல்லை. ஆனால் கூடு ஒரு மில்லிமீட்டர் குட்டை, கழுத்து அந்த அளவுக்குக் குண்டைக் குறைவாகப் பிடிக்கும். தோளும் இந்த அறைக்கு ஏற்ற இடத்தில் இருக்காது, அதனால் டையை முழுசாக இறக்காமல், போல்ட் லேசான இறுக்கத்தோடு மூடும் வரை மட்டும் கழுத்தைச் சிறுக்கி ஒரு பொய்த் தோள் விட வேண்டும். முதல் சுடலில் கூடு அறைக்கு ஏற்றபடி வடிவம் பிடித்துக்கொள்ளும். டையை அவசரத்தில் முழுசாக இறக்கிவிட்டால் கூடு அறைக்குள் ஆடும், சுடும்போது அடிப்பகுதிக்குச் சற்று மேலே நீளும், அந்த இடமே பிறகு அறுந்து போகும். பழைய ராணுவ 8×57 என்றால் பெரும்பாலும் பெர்டான் வகைப் பிரைமர், குழியின் நடுவில் ஓட்டை இருக்காது, பழைய பிரைமரைத் தள்ளும் சாதாரண டையின் ஊசி முறியும். நடுவில் ஓட்டையுள்ள பாக்ஸர் வகைப் பிரைமருக்கான புதுக் கூடாக இருந்தால் மட்டும் இந்த வழியைப் பேசலாம்.

நேரடியாக 7.7 என்று முத்திரை போட்ட கூடு நார்மா, பிபியு போன்றவர்கள் செய்ததாகக் கிடைக்கிறது, எப்போதும் இல்லை, கிடைக்கும்போது விலையும் கடிக்கும். ஆனால் கழுத்துக் கடைசல், சூடாக்கல், பொய்த் தோள் எதுவும் கிடையாது. அடியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்று, இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். .30-06 என்று முத்திரையிட்ட 7.7 தோட்டா உங்கள் பெட்டிக்கு வெளியே போய்விட்டால், அதை .30-06 துப்பாக்கியில் போடுபவருக்கு எச்சரிக்கை எதுவும் இருக்காது. செய்த கூடுகளின் அடியில் மையால் அடையாளம் வைத்து, தனிப் பெட்டியில், வேறு யாருக்கும் கொடுக்காமல் வைப்பதும் வேலையில் சேர்த்தி.

துப்பாக்கியின் அறையையே .30-06-க்குக் குடைந்துவிடலாமே என்பவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காத வழி. 7.7-இன் குழல் .311, .312 அங்குலக் குண்டுக்கானது. .30-06 தோட்டாவில் இருப்பது .308. குறி சிதறும், அசல் துப்பாக்கியும் திரும்ப வராது.

ஆண்டுக்கு ஒரு சில பெட்டி மட்டும் சுடுபவர் என்றால் என் ஓட்டு வாங்கும் கூட்டுக்குத்தான், தயங்கவே மாட்டேன். கழுத்து கடையும் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஒரே தொகுதி .30-06 கூடும் நிறைய இருக்கிறது, உட்கார்ந்து செய்யப் பிடிக்கும் என்பவருக்கு .30-06. மிச்சமான உலோகத்தை வெட்டி எடுக்கலாம், 8×57-இல் இல்லாத மில்லிமீட்டரை எங்கிருந்து கொண்டு வருவது? எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும், நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடிக்குச் சற்று மேலே சுவரில் இழுத்துப் பாருங்கள், பள்ளம் தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கிப் போட்டுவிடுங்கள்.