மைனஸை முதலில் கழற்றும் எலக்ட்ரிஷியன், திருப்பாதிரிப்புலியூர்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரே ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடமுள்ள சின்ன ஆட்டோ எலக்ட்ரிக் கடை. போன வாரம் என் பழைய ஸ்விஃப்ட்டுக்கு ஃபாக் லேம்ப் மாட்டப் போயிருந்தேன். மூன்று மணி நேரம் ஆனது, உட்கார ஒரு ஸ்டூல்தான். இருந்தாலும் இனி இங்கேதான் போவேன், காரணம் அந்த அண்ணன் பேட்டரியில் கை வைக்கும் விதம்.

பானெட்டைத் திறந்ததும் சாவியை உருவச் சொன்னார். கையில் கிடந்த வெள்ளிக் காப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸ் டெர்மினலைக் கழற்றினார், அந்த கேபிள் தானாகத் திரும்பிப் போய்ப் பட்டுவிடாமல் இருக்க ஒரு பழைய டியூப் துண்டைச் செருகி ஓரமாகக் கட்டி வைத்தார். "ஏண்ணே, ரெண்டு ஒயர்தானே இழுக்கப்போறீங்க?" என்றேன்.

"வண்டி பாடி முழுக்க பேட்டரி மைனஸோட சேர்ந்திருக்கு சார். ப்ளஸ்ல கை வைக்கும்போது ஸ்பேனர் வால் தகட்டுல பட்டா நேரா ஷார்ட்டு. மைனஸைக் கழட்டிட்டா பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

இதன் அருமை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு இடத்தில் ஹாரன் மாற்றும்போது, பேட்டரியைக் கழற்றாமலேயே வேலை பார்த்த பையனின் ஸ்பேனர் பாடியில் பட்டு பளீரென்று பொறி பறந்தது, ஸ்பேனர் நுனியில் அரிசி அளவுக்கு உருகிப்போயிருந்தது. அவன் விரலில் மோதிரம் வேறு. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், மோதிரம் நொடியில் பழுத்து விரலைத் தீய்த்துவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வெளியே வரும், காற்றில் 4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்க.

நம்ம ஊர் உப்புக்காற்றில் டெர்மினல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார், புஸ்ஸென்று நுரைத்து அடங்கியதும் துடைத்துக் காயவிட்டார். ஃபாக் லேம்ப் ஒயருக்குப் பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் பியூஸ் வைத்தார். பியூஸ் தள்ளியிருந்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எரியாது, ஒயர்தான் எரியும். மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில், மேலே கொஞ்சம் வாசலின்.

ஒரே குறை, கண்ணுக்குக் கண்ணாடி போடவில்லை. "ஆசிட் இருக்கிற இடம்ணே, கட்டாயம் போடுங்க" என்று நேரிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

கூலி 800 ரூபாய். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷன்களும் அழிந்துவிடும் என்று முன்னாடியே சொன்னவர், கடைசியில் அவரே உட்கார்ந்து நேரத்தைச் சரியாக வைத்துக் கொடுத்தார்.