ஞாயிறு ஓட்டம்: ரன்னர்ஸ் குரூப்பா, ஹாஷ் ரன்னா? வடசென்னைக்கு எது தோது?

தனியாக ஓடுகிறவர்களை விட்டுவிடுவோம். பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவில் காதில் இயர்போனோடு சுற்றுபவருக்கு யார் துணையும் வேண்டாம். கூட்டத்தோடு ஓட ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இந்த அலசல்.

ரன்னர்ஸ் குரூப் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறித்த நேரம், குறித்த ரூட், ஜனவரி மாரத்தானுக்கான தயாரிப்பு. நம் பக்கம் நீளமாக ஓட எண்ணூர் நெடுஞ்சாலை இருக்கிறது. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடலோரம், மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். சூரியன் எழும்போது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கடல்காற்றோடு டீசல் புகையும் சேர்ந்தே வரும். கூட்டமும் கொஞ்ச தூரத்திலேயே பிரிந்துவிடும்: வேகக்காரர்கள் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள், புதிதாக வந்தவர் கடைசியில் ஒற்றையாளாய்த் தட்டுத்தடுமாறி வருவார். அப்புறம் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்.

ஹாஷ் ரன் வேறு ரகம். 1938-இல் கோலாலம்பூரில் கிஸ்பெர்ட் என்ற ஆங்கிலேயக் கணக்காளரும் நண்பர்களும் தொடங்கியது. 'முயல்' ஒருவர் முன்னதாகப் போய் மாவால் தடம் போட்டு வைப்பார். மற்றவர்கள் அதைத் தேடித் துரத்த வேண்டும். இதில் சூட்சுமம் 'செக்' என்ற இடம். தடம் ஒரு முச்சந்தியில் சட்டென்று நின்றுவிடும். உண்மை வழி எந்தத் தெருவில் என்று தெரியாது. முன்னால் வந்த வேகக்காரர்கள் பொய்வழிகளில் ஓடி ஏமாந்து திரும்புவதற்குள், மூச்சுவாங்கி நடந்து வருகிறவரும் வந்து சேர்ந்துவிடுவார். சரியான வழி கிடைத்ததும் 'ஆன் ஆன்!' என்று ஒரு கத்தல், மறுபடி எல்லோரும் ஒன்றாக. குரூப்பில் ஓடும் வேகம் ஆட்களைப் பிரிக்கிறது, இங்கே பொய்வழி சேர்த்து வைக்கிறது.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகள் இதற்கென்றே போட்டவை போல இருக்கும். ராபின்சன் பூங்கா பக்கம் ஒரு செக் வைத்தால், 1949-இல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம் இதுதான் என்று யாராவது பேச்செடுப்பார்கள், காலுக்கும் கொஞ்சம் ஓய்வு. தண்ணிக் குடத்தோடு நிற்கும் அக்கா "இன்னா நைனா, யார்னா தொர்த்துறாங்களா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

சிக்கலும் உண்டு. மார்கழியில் வாசலுக்கு வாசல் கோலம், எது தடம் எது புள்ளி என்று குழம்பும். மாவைத் தெருநாய் நக்கிவிடும். ஓடப்போவது எத்தனை கிலோமீட்டர் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. ஹாஷ் மரபில் முடிவில் பீர் உண்டு. நம்மூரில் காலை ஓட்டத்துக்கு ரோஸ்மில்க்கோ டீயோ போதும் என்பது என் கட்சி.

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை முடிக்க வேண்டுமா, கண்ணை மூடிக்கொண்டு குரூப்பில் சேருங்கள். ஒழுங்கான தூரப் பயிற்சிக்கு மாற்று இல்லை. நாலு தெருவையும் நாலு மனுஷரையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஹாஷ்தான். மாதத்தில் ஒரு ஞாயிறை அதற்கு ஒதுக்கினால் பயிற்சி ஒன்றும் கெட்டுப்போகாது.

தடம் போடப் போகிறவர் மாவுக்குப் பதில் கலர் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளவும். ஞாயிறு காலை காசிமேடு பக்கம் மட்டும் வேண்டாம்: மீன் வாங்க வரும் கூட்டம், ஐஸ் தண்ணீர் ஓடும் தரை, வழுக்கும்.