பதினொரு வருடமாக ஒரு லீ-என்ஃபீல்ட்

என்னிடம் இருப்பது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் என்ற பழைய ராணுவத் துவக்கு. 1943இல் ரொறன்ரோவின் மேற்கு ஓரத்தில், லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்தது. அங்கே மட்டும் இந்த ரகத்தில் சுமார் 9 லட்சம் துவக்குகள் செய்திருக்கிறார்கள். கனடாவின் வடக்கில் ரேஞ்சர்கள் என்ற ரோந்துப் படையினர் அண்மைக்காலம் வரை இதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். உறைபனியிலும் மக்கர் பண்ணாத, கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் போல்ட் துவக்கு என்பதுதான் காரணம்.

துவக்கு என்றாலே எங்கள் வீட்டில் முகம் மாறும். ஊரில் இருந்து வந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எனக்கோ இது ஒரு பழைய இயந்திரம். லேத் பட்டறையில் வேலை செய்பவன் நான். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து பிழைக்கிறவன். அப்படிப்பட்டவன் இதை அளக்காமல் வாங்கினேன் என்பதுதான் வெட்கம்.

வாங்கியது ஒரு துவக்குச் சந்தையில். மரம் பளபளவென்று இருந்தது, அதிலேயே மயங்கிவிட்டேன். ராணுவத்தில் மரத்துக்கு லின்சீட் எண்ணெய்தான் பூசுவார்கள். அது மங்கலாக, கையில் ஒட்டாமல் இருக்கும். என்னுடையதில் இருந்தது வார்னிஷ். யாரோ மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முத்திரைகளையும் சேர்த்து அழித்திருந்தார்கள். போல்டின் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் எண்ணும், உடலின் இடது பக்கத்து எண்ணும் வேறு வேறு. விற்றவரிடம் கேட்டேன். "அதெல்லாம் பரவாயில்லை" என்றார். சரி என்று காசைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது முறை சுடப் போனபோது ஒரு கோது (தோட்டாவின் பித்தளை உறை) இரண்டாகப் பிரிந்து, முன்பாதி துவக்கின் தோட்டா அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. நல்ல காலம், கண்ணாடி போட்டிருந்தேன். மற்றக் கோதுகளை எடுத்துப் பார்த்தால், விளிம்புக்குச் சற்று மேலே எல்லாவற்றிலும் ஒரு பளிச்சென்ற வளையம். பித்தளை இழுபட்டு மெலிந்த இடம் அது. பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். இன்றைக்கும் ஒவ்வொரு கோதையும் அப்படித் தடவித்தான் மறுபடி மருந்து நிரப்புகிறேன். நிரப்பும்போதும் கழுத்தை மட்டுமே அளவுக்குக் கொண்டுவருகிறேன், உடலைத் தொடுவதில்லை.

இதற்குக் காரணம் ஹெட்ஸ்பேஸ். இந்தத் துவக்கின் .303 தோட்டாவுக்குப் பின்விளிம்பு உண்டு. அந்த விளிம்பு உட்காரப் போல்டின் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் கணக்கு. 0.064 அங்குலம் குறைந்தபட்சம், 0.074ஐத் தாண்டினால் ராணுவமே ஒதுக்கிவிடும். என்னுடையது தாண்டியிருந்தது. நம்பர் 4இல் போல்டின் தலை தனியாகக் கழன்று வரும். 0 முதல் 3 வரை எண் போட்டு நான்கு அளவுகள், எண் கூடக் கூட நீளமும் கூடி, இடைவெளி குறையும். எனக்கு வந்தது 0. அதை எடுத்துவிட்டு 2ஆம் எண் தலை ஒன்றைத் தேடிப் பிடிக்க நான்கு மாதம் ஆனது. போல்டே மாறி வந்தது என்பதால், இரண்டு பக்கப் பூட்டுகளும் சரியாகப் படிகின்றனவா என்று துவக்குத் திருத்தும் கன்ஸ்மித்திடமும் காட்டினேன். இந்த இடைவெளியை அளக்கும் கேஜ் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள். அந்தச் சின்ன இரும்புத் துண்டின் விலையைப் பார்த்துத் தயங்கியதுதான் நான் செய்த முதல் பிழை.

குழல் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால் பழைய சரக்கைச் சுட்ட நாட்களில் கேத்தலில் வெந்நீர் கொதிக்கவைத்துப் பின்பக்கத்தால் ஊற்றுவேன். "இது தேத்தண்ணிக்கோ, துவக்குக்கோ?" என்பாள் மனைவி. வாங்கும்போது விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். இருட்டாக இருந்தால் உடனே கைவிடவேண்டாம்; குழலுக்குள் சுற்றிச் செல்லும் வரிகள் கூர்மையாக இருந்து இலேசாக மங்கியிருந்தால் நன்றாகவே சுடும். போர்க்காலக் குழல்களில் ஐந்து வரிக்குப் பதிலாக இரண்டே வரி இருந்தாலும் கவலை வேண்டாம், வேலையைச் சுருக்க அப்படிச் செய்தார்கள். குழல் வாய் தேய்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு தோட்டாவின் சன்னத்தை, அதாவது முனையிலுள்ள குண்டை, குழல் வாயில் விட்டுப் பார்த்தால், கோதின் வாய்வரை இறங்கிவிடக் கூடாது. குழலுக்குள் ஈயத்தை ஓட்டி அளந்ததில் என்னுடையதன் உள்விட்டம் 0.313 அங்குலம் வந்தது. 0.312 சன்னம் போடுகிறேன், ஒழுங்காகப் போகிறது.

மார்க் 1 ஸ்டார் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். போல்டைக் கழற்ற, அது ஓடும் வலப்பக்கத் தண்டவாளத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதன் ஓரம் உடைந்திருந்தால், வேகமாக இழுக்கும்போது போல்டின் தலை அந்த இடத்தில் மேலே எழும்பிவிடும். டி.பி. என்ற முத்திரை இருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு ஒதுக்கியது, சுடுவதற்கல்ல.

முன்மரம் குழலை வாய்ப்பக்கத்தில் இரண்டு முதல் ஏழு இறாத்தல்வரை மேல்நோக்கி அழுத்தவேண்டும். குழலை விரலால் மரத்திலிருந்து தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு வந்ததில் அந்த அழுத்தமே இல்லை. குழல் சூடேற ஏற, குண்டு விழும் இடம் மேலே மேலே போனது. வேறு மரம் வாங்கிப் பொருத்திய பிறகுதான் அடங்கியது. அப்புறம், பின்கட்டையில் எஸ் என்ற எழுத்து இருந்தால் குட்டைக் கட்டை. ஐந்தடி ஐந்தங்குலக்காரனான எனக்குத் தோளில் அப்படியே பொருந்தியது. அதை மட்டும் தெரியாமலே சரியாக வாங்கியிருக்கிறேன்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: கனடாவில் பாதுகாப்பு வகுப்பு முடித்து, துவக்கு வைத்திருப்பதற்கான பி.ஏ.எல். உரிமம் எடுக்கவேண்டும். கை மாறும்போது உரிமத்தைச் சரிபார்த்துப் பெற்ற எண் வேண்டும். வீட்டில் தோட்டா இல்லாமல், பூட்டித்தான் வைக்கவேண்டும்.

போன வருடம் இன்னொரு லோங் பிராஞ்ச் பார்க்கப் போனேன். மரம் அருமை, எண்களும் ஒத்திருந்தன. பையிலிருந்து கேஜை எடுத்தேன். விற்கிறவர் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது சுவரில் மாட்டத்தான் நல்லது" என்று துவக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.